காணி உறுதியும் மன உறுதியும்



லெபனோனின் திராட்சை இரசத்தை இறைவாக்கினர் ஓசேயா தம் நூலில் குறிப்பிடுகின்றார். அம்மண்ணில் 1930ஆம் ஆண்டு காஸ்தோன் ஹோஷார் என்பவர் ‘ஷாத்தோ முசார்’ என்னும் இரச ஆலையை நிறுவினார். 1959இல் அவர் மகன் சேர்ஜ் இரசம் வடிக்கும் பொறுப்பை ஏற்றார்.

1975இல் உள்நாட்டுப் போர் மூண்டது. தோட்டங்கள் பெக்கா பள்ளத்தாக்கிலும், ஆலை மலைக்கு அப்பால் கஸீரிலும் இருந்தன. போர்முனைகளைக் கடந்தே பழங்கள் ஆலையை அடைய வேண்டியிருந்தது. 1976இல் இரசம் வடிக்கவே இயலவில்லை. 1984இல் பாதைகள் அடைபட்டதால், பழங்கள் பாரவூர்திகளிலேயே நொதிக்கத் தொடங்கின. எனினும் சேர்ஜ் தொழிலைக் கைவிடவில்லை; மறு ஆண்டும் பழங்கள் பறிக்கப்பட்டன. 1990இல் போர் ஓய்ந்தது. 2014இல் அவர் மறைந்தார். இன்று அவருடைய பிள்ளைகள் அப்பணியைத் தொடர்கின்றனர்.

நாம் நம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்வது என்ன? காணியை உறுதியில் எழுதிக் கொடுத்துவிடலாம். அதன்மீதுள்ள பற்றை எந்த உறுதியிலும் எழுத முடியாது. தந்தை கொடியைப் பேணுவதைக் கண்டே மகன் அதனைக் கற்கின்றான்.

உயிர் காக்க ஊரை விட்டகன்றோரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால், அமைதியான காலத்திலும் முன்னோரின் உழைப்பை அறியாமலேயே நம் பிள்ளைகள் வளர்வது நமது தவறன்றோ?

இவ்வாரம் உங்கள் பிள்ளையைக் காணிக்கு அழைத்துச் செல்லுங்கள். பாட்டனார் நட்ட மரத்தைக் காட்டுங்கள். அதற்கு அப்பிள்ளையே தன் கையால் நீரூற்றட்டும்.