குரங்கு மூளைன்னு திட்டாதீங்க!



கணக்கு தப்பாப் போட்டா "உனக்கு இருக்கிறது குரங்கு மூளை" என்று நம்மில் பல பேர் திட்டு வாங்கியிருக்கிறோம். நானும் வாங்கியிருக்கேன். அது சரியா என்று பார்ப்போம்.

பழனிமலைப் படிக்கட்டில் குரங்குகளைப் பார்த்திருப்பீங்க. பழத்தை எவ்வளவு பக்குவமா உரிக்குது! பார்ப்பதற்கு மூளையின் பின்பகுதி, யோசித்து முடிவெடுக்க முன்பகுதி, வலது கையை அசைக்க இடது பக்கம். இந்த அமைப்பு குரங்குக்கும் நமக்கும் ஒன்றுதான். அப்புறம் என்ன வித்தியாசம்?

முதலாவது, எண்ணிக்கை. எடை பெரிதென்றால் நம்மைவிட யானைதான் அதிக மார்க் வாங்கணும். அறிவாற்றலுக்கு முக்கியமானது பெருமூளையின் மேலே இருக்கும் புறணி. அதில் மனிதனுக்குச் சுமார் 1,600 கோடி நரம்பு செல்கள். ரீசஸ் குரங்குக்குச் சுமார் 170 கோடி. ஆப்பிரிக்க யானைக்கு 560 கோடிதான் என்று 2014-ல் எண்ணிச் சொன்னார்கள்.

இரண்டாவது, காலம். இதுதான் பெரிய வித்தியாசம். குரங்குக்குட்டி பிறக்கும்போதே அதன் மூளை பாதிக்கு மேல் வளர்ந்திருக்கும். நாலைந்து வயதில் அது தாயாகிவிடும். நமக்கோ பிறக்கும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். முன்பகுதி முழுசா முதிர்வதற்கு இருபது வயது தாண்டிவிடும். அதாவது மனித மூளை மெதுவாக, கற்றுக்கொண்டே வளரும் மூளை.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், போன வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்த தோழி எட்டாவதோட நின்னுட்டா. "இவளுக்குப் படிப்பு மண்டையில் ஏறலை" என்று சொல்லி மில்லுக்கு அனுப்பிட்டாங்க. அவ அம்மா தறிக்குப் போறவங்க. அவங்க வாரக் கூலியை மனசுக்குள்ளேயே கூட்டிச் சொல்றவ இவதான்! அவளுக்கா மூளை இல்லை?

2009-ஆம் வருடக் கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயது வரைக்கும்தான். சட்டத்துக்கு 14 போதும். மூளைக்குப் போதாது. பாதியில் வளர்கிற மூளையைப் பார்த்து "ஏறலை" என்று தீர்ப்பு சொல்வது, பூ விடும் முன்பே முருங்கையை வெட்டுவது மாதிரி.

குரங்குக்கு வேண்டிய மூளை குரங்குக்கு இருக்குதுங்க. நமக்கு வேண்டியது இன்னும் கொஞ்சம் வருஷம். ஆசிரியர்கள் ஒருமுறை அவ வீட்டுக்கு வந்து பேசணும். வழி காட்ட நான் கூட வர்றேன்.



ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி,
வெள்ளகோவில்.