‘தங்கிவாழ்வோர்’ என்னும் பழிச்சொல்

உழைக்கும் ஆற்றலும் விருப்பும் உடைய ஒருத்தியை ‘உழையாதே’ என்று தடுத்துவிட்டு, அதன் பின்னர் அவளைத் ‘தங்கிவாழ்பவள்’ என்று பதிவேட்டில் எழுதிக்கொள்ளும் விந்தை இன்று உலகின் பல நாடுகளிலே சட்டமாக நிலவுகின்றது. தொழில் விசாவிலோ மாணவ விசாவிலோ வெளிநாடு செல்லும் ஒருவரின் வாழ்க்கைத்துணை அந்நாட்டிலே ஆண்டுக்கணக்காக வாழலாம், குடித்தனம் நடத்தலாம், பிள்ளைகளை அந்நாட்டுப் பள்ளிக்கு அனுப்பலாம். ஆனால் ஊதியத்துக்கு ஒரு மணி நேரமேனும் வேலை செய்தலாகாது. அல்லது, வேலை செய்வதற்கெனத் தனியே விண்ணப்பித்து அனுமதி பெற்ற பின்னரே செய்யலாம். இதனை வெறும் நிருவாக நடைமுறை என்றே பலரும் கருதுவர். இஃது ஓர் அநீதி என்பதும், இவ்வநீதியின் முகத்தை முதலில் இனங்காணக் கடமைப்பட்டவர்கள் மலையகத் தமிழர், அவருள்ளும் சிறப்பாக மாத்தளை மாவட்டத்தார், என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

மாத்தளை மலையகத்தின் வடவாயில். 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்து வரப்பட்ட தமிழ்நாட்டு உழைப்பாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளைக் கால்நடையாகக் கடந்து, தம்புள்ளை வழியே வந்து சேர்ந்த இடம் இதுவே. பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலே மாண்டோர் பலர். எஞ்சியோர் வந்து சேர்ந்த தோட்டங்களிலே ‘துண்டு’ என்றொரு முறை இருந்தது. தொழிலாளியின் கடன் விபரம் எழுதப்பட்ட அத்துண்டுச் சீட்டின்றி அவனை வேறொரு தோட்டம் வேலைக்கு ஏற்காது. அவன் கையும் காலும் அவனுடையவை. அவற்றைப் பயன்படுத்தும் அனுமதியோ இன்னொருவர் கையிலிருந்த காகிதத்தில் இருந்தது. அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. காகிதம் ஒழிந்தது, அதன் பின்னிருந்த எண்ணம் ஒழியவில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியமை யாவரும் அறிந்ததே. அதனையடுத்து வந்த, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டத்தை இங்கு சற்று உற்று நோக்குதல் வேண்டும். மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது இந்நாட்டில் வதிந்திருத்தல் வேண்டும் என்றது அச்சட்டம். அதனோடு அமையாது, விண்ணப்பிக்கும் ஆணின் மனைவியும் இங்கு இடைவிடாது வதிந்திருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. 12 மாதங்களுக்கு மேற்பட்ட ஒரு பிரிவு அத்தொடர்ச்சியை முறித்துவிடும். பேறுகாலத்துக்குத் தாய்வீடு சென்று காலந்தாழ்த்தித் திரும்பிய ஒருத்தியின் பயணம் ஒரு குடும்பத்தின் உரிமையையே பறிக்கக்கூடியதாயிற்று. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. பதிவு பெற்றோர் சுமார் 1,34,000 பேரே. அச்சட்டத்தின் கண்ணிலே மனைவி தனியொரு மனிதப்பிறவியல்லள். கணவனின் விண்ணப்பத்தில் வரும் ஓர் உறுப்பு.

அதற்கடுத்த படி 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இந்தியப் பிரசைகளாவோருக்கு அவர்கள் புறப்படும் வரை இலவச விசா உண்டு என்றது ஒப்பந்தம். தொழில் பற்றி அது கூறியது யாது? ஒப்பந்தத் திகதியன்று ஊதியத் தொழிலில் இருந்தோர், தாயகம் திரும்பும் வரை அல்லது 55 வயது வரை, எது முந்தியதோ அதுவரை, தொழிலைத் தொடரலாம். அன்று பள்ளியிலும் தொட்டிலிலும் இருந்த பிள்ளைகளைப் பற்றி அவ்வாசகம் பேசவில்லை. இருக்க அனுமதி வேறு, உழைக்க அனுமதி வேறு என்னும் பிளவு எமது வரலாற்றிலே இவ்வாறு எழுத்தில் வந்தது. பிறந்த மண்ணிலேயே விசாவோடு வாழ்ந்து, வேலைக்கு வாசகம் தேடிய சமூகம் எம்முடையது.

இத்தனைக்கும் எமது பெண்கள் எக்காலத்திலும் எவரிலும் தங்கி வாழ்ந்தவரல்லர். இரத்தோட்டையிலும் எல்கடுவையிலும் தேயிலை மலையேறியவர் அவர்கள்; தாழ்ந்த பகுதிகளிலே இறப்பரும் கொக்கோவும் அவர்கள் கைபட்டே பயன் தந்தன. கூடை சுமந்து கொழுந்து கொய்தவளின் சம்பளத்தைச் சம்பள நாளன்று கணவனோ தந்தையோ சென்று வாங்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. ஆணுக்கு நிகரான நாட்சம்பளம் தோட்டப் பெண்ணுக்கு 1984இலேதான் கிடைத்தது. உழைப்பு அவளுடையது, பெயரும் கையொப்பமும் இன்னொருவருடையது என்ற நிலையிலிருந்து அவள் வெளிவரவே ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. அவள் பேத்தி இன்று இலவசக் கல்வியின் பயனாய்ப் பல்கலைக்கழகம் வந்துள்ளாள். பட்டம் பெற்ற பின் ‘வெளிநாட்டு மாப்பிள்ளை’ வருகின்றார். பாட்டி பெற்ற உரிமையைப் பேத்தி விமான நிலையத்திலே ஒப்படைத்துவிட்டுச் செல்கின்றாள்.

ஐக்கிய அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கு எச்-1பி என்னும் தொழில் விசாவில் இருப்பவரின் துணைக்கு எச்-4 விசா வழங்கப்படும். 2015 மே 26 வரை எச்-4 விசாவில் இருந்தோர் வேலை செய்ய வழியே இருக்கவில்லை. அன்றுமுதல் நடைமுறைக்கு வந்த விதியும் எல்லோருக்கும் கதவைத் திறக்கவில்லை. கணவர் நிரந்தர வதிவுரிமைக்கான படிகளிலே குறித்ததொரு கட்டத்தை அடைந்திருந்தால் மட்டுமே மனைவி ஐ-765 என்னும் படிவத்தை நிரப்பித் தொழில் அனுமதி கோரலாம். அவளுடைய கல்வித் தகைமையை எவரும் கேட்பதில்லை. கணவரின் தொழில் வழங்குநர் அவருக்காக மனுச் செய்தாரா என்பதே வினா. அவ்விதிதானும் பாராளுமன்றச் சட்டம் போன்றதன்று. நிருவாகம் இயற்றியது, நிருவாகத்தால் நீக்கப்படக்கூடியது. அதனை நீக்கும் முயற்சி 2017இல் தொடங்கிச் சில ஆண்டுகள் நீடித்து, 2021 ஜனவரியில் கைவிடப்பட்டது. அதற்கெதிராக 2015இலேயே தொடுக்கப்பட்ட வழக்கில் 2024 ஓகஸ்டிலே மேன்முறையீட்டு நீதிமன்றம் விதியை நிலைநிறுத்தியது; 2025 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அவ்வழக்கை விசாரணைக்கு ஏற்க மறுத்தது. அதே மாதம் 30ஆந் திகதி முதல், புதுப்பிக்க விண்ணப்பித்துக் காத்திருப்போருக்கு அதுவரை தானாகக் கிடைத்து வந்த கால நீடிப்பு நிறுத்தப்பட்டது. அலுவலகத்தின் தாமதத்துக்கு இனித் தண்டனை பெறுபவள் அவளே. அட்டை காலாவதியாகும் நாளில் அவள் மேசையை விட்டெழுதல் வேண்டும்.

இஃது இயற்கை நியதி என்று எவரேனும் வாதிப்பாராயின், அதே நாட்டிலேயே மறுமொழி உண்டு. ஒரே நிறுவனத்தின் கிளையிலிருந்து மாற்றலாகி வருவோரின் துணைவர்க்குரிய எல்-2 விசாவில் இருப்போர், 2021 நவம்பர் முதல் தனி விண்ணப்பமின்றியே வேலை செய்யலாம். எஃப்-2 என்னும் மாணவர் துணைவரோ எவ்வழியாலும் வேலை செய்தலாகாது. ஒரே வீதியின் மூன்று வீடுகளிலே மூன்று பெண்கள். மூவரும் பட்டதாரிகளாயினும் அவர்தம் கைகளின் விதியைக் கணவரின் விசா எழுத்து நிர்ணயிக்கின்றது. பிரித்தானியாவிலே திறன்சார் தொழிலாளரின் துணைவர் ஏறக்குறைய எத்தொழிலும் செய்யலாம். அதனால் அந்நாடு மூழ்கிவிடவில்லை. ஆயின், முதியோரைப் பராமரிக்கும் தொழிலாளர் 2024 மார்ச் 11 முதல் துணைவரை அழைத்து வரவே முடியாது. சவூதி அரேபியா 2017 யூலையிலே தங்கிவாழ்வோர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 றியால் கட்டணம் விதித்து, ஆண்டுதோறும் கூட்டி, 2020இல் 400 றியாலாக்கியது. உழைப்பின் விலை குறைந்த இடத்திலே குடும்பத்தின் உரிமையும் குறைகின்றது என்பதே இவற்றால் பெறப்படும் உண்மை.

மறுப்போர் கூற்று மூன்று. முதலாவது, தன் மக்களின் தொழிலைக் காப்பது எந்நாட்டுக்கும் உரிமை என்பது. யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்பதை யாம் மறுக்கவில்லை. உள்ளே விட்டு, பத்தாண்டு வாழவும் விட்டு, கைகளை மட்டும் கட்டிவைக்கும் அதிகாரத்தையே மறுக்கின்றோம். ‘சுதேசிகளின் தொழில்’ என்னும் இதே வாதத்தாலேயே 1948இல் எமது உரிமைகள் பறிக்கப்பட்டன என்பதை மலையகத்தான் மறத்தல் ஆகாது. இரண்டாவது, அவள் அறிந்தே சென்றாள் என்பது. துண்டுக்குக் கைநாட்டிட்டவனும் அறிந்தே இட்டான் என்று அன்று கங்காணி கூறியிருப்பான். வேறு வழியற்ற இடத்துச் சம்மதம் நீதிக்குச் சான்றாகாது. மூன்றாவது, கணவரின் சம்பளமே போதுமே என்பது. போதலாம். ஆனால் மணமுறிவு நேரின் அவளது விசாவும் முடிவடையும். பணமோ தொழில் அனுபவமோ இன்றி, ஆண்டுகள் பல இழந்து, அவள் எங்கே போவாள்? சம்பளம் என்பது சோறு மட்டுமன்று. கொடுமை நேர்ந்தவிடத்து வெளியேறும் வழியும் அதுவே.

பிறநாட்டாரை மட்டும் குறைகூறித் தப்புவதற்கில்லை. இலங்கைப் பிரசையை மணந்து இங்கு வாழும் அந்நிய நாட்டவருக்கு வதிவிட விசா வழங்கும் எமது அரசு, அவ்விசாவோடு தொழில் உரிமையைத் தானாக வழங்குவதில்லை. தாய்வழியாகவும் பிள்ளைக்குப் பிரசாவுரிமை உண்டு என்பதை ஏற்கவே 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வரை காத்திருந்த நாடு இது. 2013இல் ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ என்று ஒன்றைப் புகுத்தி, 5 வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய்மார் வீட்டுப் பணிக்கு வெளிநாடு செல்வதைத் தடுத்ததும் இவ்வரசே. 2022இலேதான் அது தளர்த்தப்பட்டது. உழைக்கப் போகும் தாயை ‘வீட்டிலிரு’ என்றும், உடன் போகும் மனைவியை ‘உழையாதிரு’ என்றும் கூறும் இரு குரல்களும் ஒரே தொண்டையிலிருந்து எழுபவை.

1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் தொழிலாளிக்குப் பயிற்சியும் பதிவும் அளிக்கின்றது. மணமகளாய்ச் செல்பவளுக்கு எந்த அலுவலகம் வாய் திறக்கின்றது? பிரதேச செயலகங்களிலே விவாகப் பதிவு நடைபெறுகின்றது. அங்கேயே, செல்லும் நாட்டின் விசா வகை யாது, அதில் தொழில் உரிமை உண்டா, விண்ணப்பம் எப்போது சாத்தியம், மணமுறிந்தால் நிலை என்ன என்பவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எடுத்துரைக்கும் ஏற்பாடு வேண்டும். இந்நாட்டில் வாழும் அந்நிய நாட்டுத் துணைவரின் வதிவிட விசாவிலேயே தொழில் உரிமை அடங்குதல் வேண்டும். தன் வீட்டைத் திருத்தாத அரசு பிறர் வாயிலில் நின்று தன் மக்களுக்காக வாதாட இயலாது.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, எமது வீடுகள் மாறுதல் வேண்டும். பத்துப் பொருத்தம் பார்க்கின்றோம், சீதனம் பேசுகின்றோம், மாப்பிள்ளையின் சம்பளத்தை டொலரிலிருந்து ரூபாவுக்குப் பெருக்கிப் பார்க்கின்றோம். பெண்ணின் விசாவில் என்ன எழுதியிருக்கும் என்று கேட்கும் தந்தையார் எத்தனை பேர்? கேட்க வேண்டியவள் முதலில் அப்பெண்ணே. அவளுக்கு அவ்வினாவைக் கேட்கும் துணிவைத் தரவில்லையாயின், இப்பல்கலைக்கழகம் அவளுக்குத் தந்த பட்டம் சுவரில் மாட்டும் படமேயன்றி வேறில்லை. கொழுந்துக் கூடையைச் சுமந்து ஒரு சமூகத்தையே தாங்கியவளின் மகளைத் ‘தங்கிவாழ்பவள்’ என்று எழுதும் பேனா எந்நாட்டதாயினும், அதை மறுத்துரைக்கும் முதற்குரல் மாத்தளையிலிருந்து எழுதல் வேண்டும்.