புல்வெளியும் பூட்டிய கேட்டும்

ரயில்வேயில் முப்பத்தொன்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு 2021-ல் ஓய்வு பெற்றேன். மறுவருடம் என் பழைய மேலதிகாரி ஒருவர் போன் செய்தார். பஞ்சாபிக்காரர், தங்கமான மனிதர். "ஞாயிற்றுக்கிழமை என்னுடைய கோல்ஃப் கிளப்புக்கு வாருங்கள், சேர்ந்து சாப்பிடலாம்" என்றார். தண்டவாளத்தோடு காலம் தள்ளிய டிப்ளமாக்காரனுக்கு இப்படி ஓர் அழைப்பு லேசில் வருமா? இஸ்திரி போட்ட பேண்ட், முழுக்கைச் சட்டை, காலில் புதிய தோல் செருப்பு சகிதம் போய்ச் சேர்ந்தேன்.

வாசலில் இருந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். "ஷூ இல்லாமல் டைனிங் ஹாலுக்குள் அனுமதி இல்லை" என்றார். நண்பருக்கு முகம் சிவந்துவிட்டது. அப்போது அங்கே நின்றிருந்த ஒரு காடி ஓடி வந்தான். (விளையாடுபவரின் மட்டைப் பையைச் சுமந்து செல்பவரைத்தான் காடி என்பார்கள். நம்மூர் 'கேடி' அல்ல!) கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள வைத்திருந்த கறுப்பு ஷூவை அவனுடைய அறையிலிருந்து எடுத்து வந்து, "பாபுஜி, இதைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று என் காலடியில் வைத்தான். ஒரு சைஸ் சிறியது. கடித்தது. ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டு போய்ச் சாப்பிட்டேன்.

திரும்பி வந்து ஷூவைக் கொடுத்தபோது அவன் கேட்டான்: "உள்ளே சாப்பாடு எப்படி பாபுஜி?" பதினோரு வருடமாக அங்கே பை சுமக்கிறானாம். வராந்தாவைத் தாண்டி உள்ளே போனதில்லையாம். அவனுடைய ஷூவுக்கு அனுமதி உண்டு, அவனுக்கு இல்லை!

அந்தக் கிளப்பின் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி மட்டும் மனதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இந்தக் கிளப்புகளின் கௌரவம் எதில் இருக்கிறது? உள்ளே இருக்கும் புல்தரையிலா, வெளியே பூட்டியிருக்கும் கேட்டிலா?

முதலில் அவர்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டுக் குழி கொண்ட ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு 100 ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். அதில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் ஆடலாம்? ஒரு லைனில் எத்தனை ரயில் விடலாம் என்று நாங்கள் கணக்குப் போடுவோமே, அதே கணக்குத்தான். நான்கு பேர் கொண்ட ஒரு கோஷ்டி கிளம்பினால் அடுத்த கோஷ்டி பத்து நிமிடம் கழித்துத்தான் கிளம்ப முடியும். மணிக்கு 24 பேர். எட்டு மணி நேரம் தொடர்ந்து அனுப்பினாலும் 192 பேர்தான். ஆகவே கோல்ஃப் கிளப்பில் வெயிட்டிங் லிஸ்ட் இருப்பது குற்றமில்லை. நிலமும் நேரமும் அவ்வளவுதான்.

ஆனால் ரயிலில் பர்த் குறைவு என்பது வேறு, பர்த் யாருக்குக் கிடைக்கிறது என்பது வேறு. அந்த வித்தியாசம் நம் எல்லோருக்கும் தெரியும். ஜி.டி. எக்ஸ்பிரஸிலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டை வைத்துக்கொண்டு தவித்தவர்கள்தானே நாம்! வரிசை இருப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. வரிசையில் நமக்குப் பின்னால் நின்றவர் முன்னால் போய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.

கிளப் என்ற ஏற்பாடே நம் நாட்டில் கேட்டோடுதான் பிறந்தது. 1829-ல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகத்திலேயே பழமையானது. அந்தக் காலத்து வெள்ளைக்காரர் கிளப்புகள் பலவற்றில், எவ்வளவு பெரிய இந்தியராக இருந்தாலும் இடம் கிடையாது. அதனால்தான் இரு தரப்பாரும் சேர்ந்து உட்காருவதற்காக 1907-ல் கல்கத்தா கிளப்பும், 1918-ல் பம்பாயில் வில்லிங்டன் கிளப்பும் தோன்றின. கேட்டைத் திறப்பதற்கென்றே பிறந்தவை என்று சொல்லலாம்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். அதே வில்லிங்டன் கிளப்பில் 1988-ல் ஓவியர் எம்.எஃப். ஹுசைன் திருப்பி அனுப்பப்பட்டார். காரணம், அவர் வெறுங்காலோடு வந்தார். செருப்பே போடாமல் நடப்பவர் அவர் என்பது ஊரறிந்த விஷயம். தோலின் நிறம் பார்த்து மூடிய கேட்டுக்குப் பதிலாக ஏற்பட்ட கிளப், எழுபது வருடத்தில் காலைப் பார்த்துக் கேட்டை மூடிவிட்டது. நம்மூரிலும் நடக்கவில்லையா? 2014-ல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில் நடந்த விழாவுக்கு வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் அவர்களை உள்ளே விடவில்லை. அதற்கப்புறம் சட்டசபையில் சட்டமே கொண்டு வர வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் வேட்டிக்கு இடம் கேட்டுச் சட்டம்!

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? அமெரிக்காவில் உள்ள அகஸ்டா நேஷனல்தான் கோல்ஃப் உலகின் திருப்பதி. 1933-ல் திறந்த அந்தக் கிளப்பில் முதல் கறுப்பின உறுப்பினர் சேர்ந்தது 1990-ல். முதல் பெண் உறுப்பினர்கள் சேர்ந்தது 2012-ல், அதுவும் இரண்டே பேர். அதில் ஒருவர் அந்த நாட்டின் வெளியுறவு மந்திரியாக இருந்த காண்டலீசா ரைஸ். ஸ்காட்லாந்தில் மியூர்ஃபீல்டு மைதானத்தை வைத்திருக்கும் கிளப், 1744-ல் கோல்ஃபுக்கு முதன்முதலாக விதிகள் எழுதிய பரம்பரை. பெண்களைச் சேர்க்கலாமா என்று 2016-ல் அங்கே ஓட்டெடுப்பு நடந்தது. தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைக்கவில்லை. உடனே, "இனி பிரிட்டிஷ் ஓப்பன் போட்டி உங்கள் மைதானத்தில் கிடையாது" என்று அறிவிப்பு வந்தது. மறுவருடமே திரும்ப ஓட்டெடுத்துப் பெண்களுக்குக் கதவைத் திறந்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மனசாட்சி உறுத்தித் தானாகத் திறந்த கேட் அபூர்வம். பூட்டி வைத்தால் கௌரவம் குறையும் என்று தெரிந்த பிறகுதான் அநேகமாகத் திறந்திருக்கிறார்கள். திறந்ததால் புல் காய்ந்துவிடவில்லை, மைதானம் இடிந்துவிடவில்லை. அகஸ்டாவின் மதிப்பு அன்றைக்கு இருந்ததைவிட ஒரு பைசா குறையவில்லை.

சொல்லப் போனால், கோல்ஃபுக்கு நம் நாட்டில் பெருமை தேடித் தந்தவர்களில் சிலர் கேட்டுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள்தான். 1991-ல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டில்லியில் காடியாக இருந்தவர். 2008-ல் இந்திய மாஸ்டர்ஸ் பட்டமும், 2016, 2017 இரண்டு வருடமும் இந்திய ஓப்பன் பட்டமும் வென்ற சௌராசியா, ராயல் கல்கத்தாவில் புல்தரையைப் பராமரித்தவரின் மகன். சந்தா கட்டி உள்ளே வந்தவர்களின் பிள்ளைகள் செய்யாததைப் புல் வெட்டியவரின் பிள்ளை செய்தார்.

நிற்க. நம் டில்லிக்கு வருவோம்.

சொந்த நிலத்தில், சொந்தப் பணத்தில் நாலு பேர் சேர்ந்து கிளப் வைத்துக்கொண்டால் அவர்கள் யாரைச் சேர்க்கிறார்கள் என்று கேட்க எனக்கு உரிமை குறைவு. ஆனால் டில்லி கோல்ஃப் கிளப் இருப்பது சர்க்காரிடம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில். நகரத்தின் நடுவில், ஜாகிர் உசேன் மார்க்கில், பழைய கல்லறை மண்டபங்களுக்கு நடுவே சுமார் 180 ஏக்கர். அங்கே உறுப்பினராவதற்குக் காத்திருக்கும் காலத்தை வருடக் கணக்கில் அல்ல, தலைமுறைக் கணக்கில்தான் சொல்ல வேண்டும். அந்த இடத்தில்தான் 2017 ஜூன் மாதம், ஓர் உறுப்பினரின் விருந்தாளியாகச் சாப்பிட வந்த மேகாலயப் பெண்மணியை எழுந்து போகச் சொன்னார்கள். அவர் அணிந்திருந்தது காசி இனத்தாரின் பாரம்பரிய உடை. அது வேலைக்காரியின் உடுப்பு மாதிரி இருக்கிறதாம்.

பத்திரிகைகளில் அன்று பலரும் எழுதினார்கள், அது கௌரவமான பாரம்பரிய உடை என்று. சரிதான். ஆனால் எனக்கு உறுத்தியது வேறு. அவர் நிஜமாகவே ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில்தான் இருந்தார். இருந்தால் என்ன? அழைத்து வந்தவர் காசு கொடுக்கிறார், வந்தவர் பசிக்குச் சாப்பிடுகிறார். வேலைக்காரி என்பது எப்போதிலிருந்து வசைச் சொல் ஆனது?

இந்த இடத்தில் நம்மவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நிஜாமுத்தீன் பக்கம் டிராலியில் லைன் பார்த்த காலத்தில், பாராபுல்லா சாக்கடை ஓரத்தில் இருந்த மதராஸி கேம்ப்பை எனக்கு நன்றாகத் தெரியும். விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஜனங்கள். காலை ஆறு மணிக்கெல்லாம் பெண்கள் ஜங்புரா வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கக் கிளம்பிவிடுவார்கள். "என்ன சார், நம்மூர்ப் பக்கமா?" என்று தமிழில் கேட்பார்கள். அந்த நொடியில் சாக்கடை நாற்றம்கூட மறந்துபோகும். கோல்ஃப் கிளப்புக்கும் அந்தக் கேம்ப்புக்கும் சில கிலோமீட்டர் தூரம்தான். 2025 ஜூன் 1-ம் தேதி அதை இடித்துவிட்டார்கள். மழைநீர் தேங்குகிறது, சாக்கடையைத் தூர் வார வேண்டும் என்பது நீதிமன்ற உத்தரவு. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்றார்கள். அதுவும் நரேலாவில். பாத்திரம் தேய்க்கும் வீடுகள் ஜங்புராவில், குடியிருப்பு நகரத்தின் மறுகோடியில்.

கோல்ஃப் மைதானத்தை உழுதுவிட்டுக் குடிசை போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. குத்தகைக்கும் ஆக்கிரமிப்புக்கும் சட்டத்தில் வித்தியாசம் உண்டு, அது எனக்கும் தெரியும். அந்த மரங்களும் பறவைகளும் இந்த நகரத்துக்கு வேண்டும். ஆனால் இரண்டும் பொது நிலம். ஒன்றில் சில ஆயிரம் பேர் பந்து அடிக்க 180 ஏக்கர். இன்னொன்றில் குடும்பத்துக்கு ஓர் அறை. ஒன்றுக்குக் குத்தகை நீடிப்பு, இன்னொன்றுக்கு புல்டோசர். இதைப் பார்த்து ஒரு கேள்விகூட எழாவிட்டால் நாம் படித்த படிப்புக்கு என்ன அர்த்தம்?

என் யோசனைகள் எளியவை. சர்க்கார் நிலத்தில் இருக்கும் கிளப்புகள் நியாயமான வாடகை தரட்டும். காத்திருப்போர் பட்டியலை, அந்தக் காலத்தில் ரயில் பெட்டியில் சார்ட் ஒட்டியது போல, எல்லோரும் பார்க்க வெளியில் ஒட்டட்டும். வாரத்தில் இரண்டு நாள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் காடிகளின் பிள்ளைகளுக்கும் மைதானத்தைத் திறந்து விடட்டும். முடியாத காரியம் அல்ல. லாடோ சராயில் டி.டி.ஏ. 2000-ம் வருடம் திறந்த குதுப் கோல்ஃப் மைதானத்தில், உறுப்பினர் அல்லாதவரும் கட்டணம் செலுத்தி ஆடலாம் என்ற ஏற்பாட்டைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அதனால் கோல்ஃபுக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை.

கடைசியாக ஒன்று. ஊசியைப் பார்த்துச் சல்லடை, "உன் வாலில் ஓட்டை" என்றதாம். கோல்ஃப் கிளப்பைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு நம் வீட்டைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஆயுள் சந்தாவை உயர்த்தினால் 'தரமான' ஆட்கள் வருவார்கள் என்று நம் சங்கத்திலேயே இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. ஏற்கனவே புதிதாகச் சேர இரண்டு உறுப்பினர்களின் கையெழுத்து வேண்டும். மதராஸி கேம்ப்பிலிருந்து வந்து கையெழுத்துக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் போட்டிருப்போம்? பொங்கல் விழாவில் அவர்கள் பந்தி பரிமாறிப் பார்த்திருக்கிறேன். முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்ததில்லை. நானும் நாற்பது வருடமாக அதைப் பார்த்தும் பேசாமல் இருந்தவன்தான்.

தமிழ் பேசுகிறவர் என்பதைத் தவிர நம் சங்கத்துக்கு வேறு தகுதி எதற்கு? வரும் பொதுக்குழுவில் சந்தா உயர்வுக்கு எதிராகவும், அந்த இரட்டைக் கையெழுத்து விதியை எடுத்துவிட வேண்டும் என்றும் பேசப் போகிறேன். அடுத்த பொங்கலுக்கு நரேலாவிலிருந்து ஒரு பஸ் ஏற்பாடு செய்தால் என் பங்குக்கு ஒரு மாதப் பென்ஷன் தருகிறேன். முன்வரிசையில் இரண்டு வரிசை நாற்காலி அவர்களுக்கு ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான். அன்பர்கள் ஆதரிப்பீர்கள் என்று நம்புகிறேன்.