மசோதா பார்க்கப் பணம் எதற்கு?

கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். கூடத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். பெண்ணுக்கு எந்த ஊரில் வரன் பார்ப்பது, நிலத்தை விற்பதா வைத்துக்கொள்வதா என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். சமையல் அறைக்குச் சேதி வந்து சேருவதற்குள் தாம்பூலமே மாற்றி முடிந்திருக்கும். "உனக்குச் சொல்லக் கூடாது என்று யார் சொன்னார்கள்? நீயே வந்து கேட்டிருக்கலாமே!" என்பார் மாமனார். அதுவும் வாஸ்தவந்தான். யாரும் கதவைச் சாத்தவில்லை. ஆனால் அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது கூடத்தில் போய் உட்கார எத்தனை பேரால் முடியும்?

அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியா ராஜ்யத்தின் சட்டசபையும் 1993 வரையில் ஏறக்குறைய இந்த மாமனாரைப் போலத்தான் இருந்தது.

அங்கே கீழ்ச்சபைக்கு 80 அங்கத்தினர், மேல்சபைக்கு 40 அங்கத்தினர். தலைநகர் சாக்ரமெண்டோ. ஒவ்வொரு மசோதாவும் அச்சாகும். யார் கேட்டாலும் பிரதி கொடுப்பார்கள். ரகசியம் என்று ஒன்றும் கிடையாது. ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் ஒரு குடும்பத்துக்குச் சாக்ரமெண்டோ சுமார் 380 மைல் தூரம். தன் குழந்தை படிக்கும் பள்ளிக்கூடத்தைப் பற்றியோ, தான் கொடுக்கும் வீட்டு வாடகையைப் பற்றியோ ஒரு மசோதா வந்திருக்கிறது என்று ஒரு தாய்க்கு எப்படியோ தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதிப் போட்டு, தபாலில் பிரதி வருவதற்குள் கமிட்டியில் அதைத் திருத்தியிருப்பார்கள். திருத்தியதை வரவழைப்பதற்குள் ஓட்டெடுப்பே முடிந்திருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எல்லாத் தகவலும் சட்டசபையின் கம்ப்யூட்டரில் அப்போதே ஏறியிருந்தது. மசோதாவின் வாசகம், அதற்கு வந்த திருத்தங்கள், எந்தக் கமிட்டி என்றைக்குக் கூடுகிறது, எந்த அங்கத்தினர் எந்தப் பக்கம் கை தூக்கினார், எல்லாமே அதில் உண்டு. அந்தத் தகவலைத் தனியார் கம்பெனிகள் வாங்கித் தங்கள் சந்தாதாரர்களுக்கு விற்றுவந்தன. சந்தாவோ குடும்பஸ்தர்கள் கட்டக்கூடியது அல்ல. பெரிய கம்பெனிகள் கட்டின. அந்தக் கம்பெனிகளுக்காகச் சட்டசபைத் தாழ்வாரத்தில் நடமாடி அங்கத்தினர்களிடம் பேசுகிற லாபியிஸ்டுகள் கட்டினார்கள். ஆக, ஜனங்களின் வரிப்பணத்தில் சட்டம் எழுதி, ஜனங்களின் வரிப்பணத்தில் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதே ஜனங்கள் பார்க்க வேண்டுமென்றால் மறுபடியும் காசு! சொந்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கக் குடத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பது போலத்தான்.

1992 நவம்பர் தேர்தலில் அமெரிக்காவெங்கும் பெண்கள் நிறையப் பேர் ஜெயித்தார்கள். அந்த வருஷத்துக்குப் 'பெண்களின் ஆண்டு' என்றே பத்திரிகைகள் பெயர் வைத்தன. அந்தத் தேர்தலில் கலிபோர்னியாக் கீழ்ச்சபைக்கு முதல் தடவையாக வந்தவர்களில் ஒருவர் ஸ்ரீமதி டெப்ரா போவன். வக்கீல். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. சபைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வருஷம் பின் பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்து பழகிக்கொள்வார்கள் என்பது எந்த ஊரிலும் வழக்கம். போவன் அம்மாள் அப்படி உட்காரவில்லை. சட்டசபைத் தகவல் அத்தனையும் ஜனங்களுக்குக் கம்ப்யூட்டர் மூலமாகக் கிடைக்க வேண்டும் என்று 1993-இல் ஒரு மசோதா கொண்டுவந்தார். அதன் நம்பர் 1624.

அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தவர் ஜிம் வாரன் என்பவர். கணித ஆசிரியராக இருந்து கம்ப்யூட்டர் பத்திரிகையாளர் ஆனவர். 1977-இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கண்காட்சி நடந்தது. 'ஆப்பிள் 2' என்ற கம்ப்யூட்டர் முதன் முதலாக ஜனங்களின் கண்ணில் பட்டது அங்கேதான். அதை நடத்தியவர் இந்த வாரன். தகவலை இன்டர்நெட் வழியாகக் கொடுங்கள், ஒரு காசும் வாங்காமல் கொடுங்கள் என்பதே அவருடைய பிடிவாதம்.

இலவசம் என்ற சொல்லைக் கேட்டாலே கஜானாக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும். விற்று வந்த வருமானம் என்னாவது? இலவசமாக வாங்கியதை வேறு யாராவது விற்று லாபம் சம்பாதித்தால்? இம்மாதிரிக் கேள்விகள் கிளம்பின. மசோதா கமிட்டியில் தயங்கித் தயங்கி நின்றது. ஜிம் வாரன் சும்மா இருக்கவில்லை. மசோதா எந்தக் கட்டத்தில் இருக்கிறது, யாருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பதையெல்லாம் விவரமாக எழுதித் தமக்குத் தெரிந்தவர்களுக்கு ஈ-மெயில் அனுப்பினார். "நீங்களும் நாலு பேருக்கு அனுப்புங்கள்" என்றார். அவர்கள் அனுப்பினார்கள். சட்டசபை அங்கத்தினர்களின் ஆபீஸ்களில் கடிதங்களும் பாக்ஸ் காகிதங்களும் வந்து விழுந்தன. கம்ப்யூட்டர் கடிதத்தைக் கொண்டு ஒரு சட்டத்தைப் பிடித்துத் தள்ளிய ஆரம்ப காலத்துக் காரியங்களில் இதுவும் ஒன்று. இன்றைக்குக் கைப்பேசியில் தினமும் நமக்கு வந்து குவிகிற 'பத்துப் பேருக்கு அனுப்புக' சமாசாரங்களைப் பார்க்கும்போது, அதே வித்தை ஒரு காலத்தில் இவ்வளவு உருப்படியான காரியத்துக்குப் பயன்பட்டதா என்று ஆச்சரியமாக இருக்கிறது.

1993 அக்டோபரில் கவர்னர் பீட் வில்ஸன் கையெழுத்துப் போட்டார். போவன் அம்மாள் டெமாக்ரடிக் கட்சி. கவர்னரோ ரிபப்ளிகன் கட்சி. ஆனாலும் கையெழுத்து விழுந்தது. 1994 ஜனவரி முதல் தேதி சட்டம் அமுலுக்கு வந்தது.

அந்தச் சட்டத்தைப் படித்துப் பார்த்தால் ரஸமாக இருக்கிறது. என்னென்ன தகவல் கொடுக்க வேண்டும் என்று ஒரு மளிகை ஜாபிதா மாதிரி எழுதியிருக்கிறார்கள். சபை கூடும் நாட்கள், கமிட்டிக் கூட்டங்களின் கால அட்டவணை, ஒவ்வொரு மசோதாவும் முதலில் இருந்தபடியும் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகு இருந்தபடியும், அது கடந்து வந்த கட்டங்கள், அதைப் பற்றி ஆபீஸ் சிப்பந்திகள் தயாரித்த விளக்கம், ஓட்டு விவரம், கவர்னர் நிராகரித்தால் அதற்கு அவர் சொன்ன காரணம், ராஜ்யத்தின் அரசியல் சாஸனம், ஏற்கனவே அமுலில் இருக்கும் சட்டங்கள் இத்தனையும் உண்டு. ஆனால் எதன் மூலமாகக் கொடுப்பது என்கிற இடத்தில் 'இன்டர்நெட்' என்ற பெயரை எழுதவில்லை. யாருக்கும் சொந்தமல்லாத, லாப நோக்கம் இல்லாத, கூட்டுறவாக நடக்கிற பொதுக் கம்ப்யூட்டர் வலைகளில் எது மிகப் பெரியதோ அதன் மூலமாக என்று சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறார்கள். புருஷன் பெயரைச் சொல்லக் கூசி, "எங்காத்துப் பெரிய பிள்ளையின் அப்பா" என்று சொல்லும் அந்தக் காலத்துப் பாட்டிகள் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

இன்னொரு ஷரத்து உண்டு. இந்தத் தகவலைப் பார்க்க வருகிற ஆசாமி யார் என்ற விவரத்தை, அவருக்குச் சேவை செய்வதற்கு வேண்டிய அளவுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது அது. எனக்கு எல்லாவற்றிலும் இதுதான் ரொம்பப் பிடித்தது. வாடகைச் சட்டத்தைப் படித்த பெண்மணியின் பெயர் வீட்டுக்காரர் காதுக்குப் போகக் கூடாதல்லவா? 1993-இல் இதை யோசித்திருக்கிறார்கள். இன்று ஒரு புடவையின் விலையைக் கம்ப்யூட்டரில் பார்த்தால் ஒரு மாதத்துக்குப் புடவை விளம்பரமே துரத்துகிறது.

கலிபோர்னியாவில் நடந்தது அடுத்து வாஷிங்டனிலும் நடந்தது. 1995 ஜனவரியில் அமெரிக்கக் காங்கிரஸின் கீழ்ச்சபை, நாற்பது வருஷத்துக்குப் பிறகு ரிபப்ளிகன் கட்சியின் கைக்கு வந்தது. நியூட் கிங்ரிச் சபாநாயகரானார். பெரிய சம்பளம் வாங்கும் லாபியிஸ்டுக்கு எந்த நிமிஷத்தில் ஒரு மசோதா தெரிகிறதோ, அதே நிமிஷத்தில் சாதாரணப் பிரஜைக்கும் தெரிய வேண்டும் என்று அவர் சொல்லிவந்தார். சபை கூடிய மறுநாளே, ஜனவரி 5-ஆம் தேதி, காங்கிரஸ் லைப்ரரி ஓர் இன்டர்நெட் சேவையைத் திறந்துவைத்தது. அதற்கு 'தாமஸ்' என்று பெயர்.

யார் இந்தத் தாமஸ்? அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெபர்ஸன்தான். 1814-இல் பிரிட்டிஷ் சேனை வாஷிங்டனுக்குத் தீ வைத்தபோது, காங்கிரஸ் கட்டடத்துக்குள் இருந்த லைப்ரரியும் எரிந்து போயிற்று. ஓய்வு பெற்றிருந்த ஜெபர்ஸன், தம் வீட்டில் ஆயுள் முழுவதும் சேர்த்த 6,487 புத்தகங்களை 1815-இல் 23,950 டாலருக்குக் காங்கிரஸுக்குக் கொடுத்தார். தேசபக்திதான், கடன் தொல்லையும் உண்டு. புத்தகங்கள் வண்டி ஏறிப் போனதும் மனிதர் சும்மா இருந்தாரா என்றால், மறுபடியும் வாங்க ஆரம்பித்துவிட்டார்!

'தாமஸ்' சேவையில் மசோதாக்களையும் பார்க்கலாம், சபை நடவடிக்கைக் குறிப்பையும் பார்க்கலாம். (அந்தக் குறிப்பில் அங்கத்தினர்கள் தங்கள் பேச்சைப் பிற்பாடு செப்பனிட்டுக்கொள்ள அனுமதி உண்டு. சபையில் தடுமாறியவரும் அச்சில் சரளமாகப் பேசியிருப்பார்.) சர்க்கார் அச்சகமும் 1994 முதல் சட்டப் பத்திரங்களைக் கம்ப்யூட்டர் மூலம் கொடுத்துவந்தது. ஆனால் வீட்டிலிருந்து பார்ப்பவர்களிடம் கட்டணம் வாங்கியது. பக்கத்துக் கடையில் சும்மா கொடுக்கும்போது இந்தக் கடையில் யார் காசு கொடுப்பார்கள்? 1995 டிசம்பரில் அவர்களும் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். 'தாமஸ்' இருபத்தொரு வருஷம் உழைத்து, 2016 ஜூலை 5-ஆம் தேதி ஓய்வு பெற்றது. அதன் இடத்தில் இப்போது 'காங்கிரஸ்.கவ்' இருக்கிறது. பெயரில் ஜெபர்ஸன் இல்லை, வேலை அதேதான்.

எல்லாம் சரி, 1995-இல் எத்தனை வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. டெலிபோன் கம்பியில் 'கிர்... கிர்...' என்று சத்தம் போட்டு மெதுவாக இணைப்புக் கிடைக்கிற காலம் அது. வசதியுள்ளவர்கள்தான் வீட்டில் வைத்திருந்தார்கள். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். தகவல் இலவசமாகிவிட்டால் ஊரில் ஒருவரிடம் கம்ப்யூட்டர் இருந்தால்கூடப் போதும். ஒரு லைப்ரேரியனோ, ஒரு பள்ளிக்கூட வாத்தியாரம்மாவோ, உள்ளூர்ப் பத்திரிகைக்காரரோ எடுத்து நாலு பேருக்குச் சொல்லலாம். காசு கொடுத்து வாங்கிய சரக்கை அப்படி யார் வாரி இறைப்பார்கள்?

மசோதாவின் பாஷையை மட்டும் எந்தக் கம்ப்யூட்டராலும் இளக்க முடியவில்லை. "இன்ன பிரிவின் இன்ன உட்பிரிவில் 'அல்லது' என்பதை எடுத்துவிட்டு 'மற்றும்' என்று சேர்க்கவும்" என்றிருந்தால் யாருக்கு என்ன புரியும்? ஒரு சொல் மாறியதில் ஒரு குடும்பத்தின் உதவித் தொகையே போயிருக்கலாம். கலிபோர்னியாச் சட்டத்தில் சிப்பந்திகளின் விளக்கத்தையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்பது இங்கேதான் தெரிகிறது. அதில் சாதாரண பாஷையில் எழுதியிருக்கும்; யார் ஆதரிக்கிறார்கள், யார் எதிர்க்கிறார்கள் என்ற பட்டியலும் அநேகமாக இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் முதலில் படிப்பது அதைத்தான்.

அதற்கும் மேலே ஒரு தந்திரம் இருந்தது. கூட்டத்தொடர் முடியும் கடைசி ராத்திரிகளில், ஏதோ ஒரு மசோதாவை எடுத்து, அதன் உள்ளே இருந்ததை முழுக்க வழித்துப் போட்டுவிட்டு, சம்பந்தமே இல்லாத வேறு விஷயத்தை நிரப்புவார்கள். நம்பர் பழைய நம்பர்தான். டப்பாவின் மேலே துவரம்பருப்பு என்று எழுதியிருக்கும். திறந்தால் உள்ளே மிளகாய்ப் பொடி! சில மணி நேரத்தில் ஓட்டெடுப்பு முடிந்துவிடும். இன்டர்நெட்டில் வாசகம் ஏறும், இல்லையென்று சொல்ல முடியாது. பொழுது விடிந்து எழுந்து பார்க்கிறவளுக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

2016 நவம்பரில் இதை ஜனங்களின் ஓட்டுக்கே விட்டார்கள். 54-ஆம் நம்பர் பிரேரணை என்று அதற்குப் பெயர். மசோதாவின் முடிவான வாசகம் அச்சிலும் இன்டர்நெட்டிலும் 72 மணி நேரம் இருந்த பிறகுதான் கடைசி ஓட்டு எடுக்கலாம். கவர்னர் அவசர நிலை என்று அறிவித்தால் மட்டும் விலக்கு உண்டு. ஓட்டுப் போட்டவர்களில் சுமார் 65 சதவீதம் பேர் சரி என்றார்கள். ராஜ்யத்தின் அரசியல் சாஸனத்திலேயே அது ஏறிவிட்டது. கூடவே இன்னொன்றும் ஏறியது. பொதுக் கூட்டங்கள் அனைத்தையும் படம் பிடித்து 24 மணி நேரத்துக்குள் இன்டர்நெட்டில் போட வேண்டும். குறைந்தது 20 வருஷம் அது அங்கேயே இருக்க வேண்டும். அங்கத்தினர்கள் கொட்டாவி விட்டதும் அதில் சேர்த்தி.