கைதட்டல் யாருக்கு?

கதாநாயகனின் அறிமுகப் பாடல் என்றாலே அரிவாளும் துப்பாக்கியும் வந்து நிற்கின்றன. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகள்கூட ‘வெட்டு, குத்து’ என்று பாடி ஆடுகிறார்கள். ‘இவற்றைத் தடை செய்ய வேண்டும்’ என்கிறார்கள் சிலர். ‘பாட்டுதானே, விட்டுத்தள்ளுங்கள்’ என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள்.

வன்முறையைப் பாடுவதே குற்றம் என்றால், மகத்தான பல பாடல்களை உலகம் இழந்திருக்கும். அமெரிக்காவில் கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து கொன்று மரத்தில் தொங்கவிட்ட கொடுமையைப் பாடியது ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’. அப்படியொரு கொலையின் புகைப்படத்தைப் பார்த்து மனம் பதறி அதை எழுதியவர் ஏபல் மீரோபோல் என்ற பள்ளி ஆசிரியர். 1939-ல் நியூயார்க்கின் ‘கஃபே சொசைட்டி’ விடுதியில் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே அதைப் பாடத் தொடங்கும் முன், பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள். விளக்குகள் அணைந்துவிடும். அவர் முகத்தில் மட்டும் வெளிச்சம். பாடி முடித்ததும் மேடையை விட்டுப் போய்விடுவார், ‘ஒன்ஸ்மோர்’ கிடையாது. அந்தப் பாட்டை யாரும் கொண்டாட்டமாகக் கேட்டுவிடக் கூடாது என்பதற்கே அத்தனை ஏற்பாடும்.

1962-ல் ‘தி கிரிஸ்டல்ஸ்’ என்ற பெண்கள் குழு பாடிய ‘ஹி ஹிட் மீ’ பாப் பாடலில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. ஆனால், காதலன் அடித்த அடியை அன்பின் அடையாளமாக ஏற்கிறாள் அதில் வரும் பெண். எதிர்ப்பு கிளம்பியதும் பாடல் திரும்பப் பெறப்பட்டது. எழுதிய இருவரில் ஒருவரான கரோல் கிங், பின்னாளில் அதற்காக வருந்தினார். ரத்தம் தோய்ந்த பாட்டு மனசாட்சியை உலுக்கியது. ரத்தமே இல்லாத பாட்டு அடியை நியாயப்படுத்தியது.

1968 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஃபோல்சம் சிறையில், கைதிகள் முன் ஒரு பாடலைப் பாடினார் ‘கன்ட்ரி’ இசைக் கலைஞர் ஜானி கேஷ். காரணமே இல்லாமல் ஒருவனைச் சுட்டுக் கொன்றவன் சிறையில் புழுங்கும் பாடல் அது. கொலையைச் சொல்லும் வரி முடிந்ததும் இசைத்தட்டில் பெரும் ஆரவாரம் கேட்கும். ஆனால், அந்த இடத்தில் கைதிகள் ஆரவாரம் செய்யவில்லை. பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்க்கப்பட்டது அது. அந்தக் கொலைக்குக் கைதட்டியது இசைச் சந்தைதான்!

நம் மண்ணுக்கும் இதில் ஒரு மரபு உண்டு. தென் மாவட்டக் கொடை விழாக்களில் விடிய விடிய நடக்கும் வில்லுப்பாட்டில் கொலைகளுக்குப் பஞ்சமில்லை. சாதியை மீறி பொம்மக்கா, திம்மக்காவை மணந்த முத்துப்பட்டன், மாடு களவாட வந்த கூட்டத்தோடு மோதி உயிரைவிடுகிறான். கொன்றவனை ஊர் கொண்டாடவில்லை. கொலையுண்டவனுக்குப் பீடம் எழுப்பியது. பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில், பட்டவராயனாக நிற்கும் அவனுக்கு இன்றும் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள் பக்தர்கள்.

ஆக, பாட்டில் கத்தி வருகிறதா என்பதல்ல பிரச்னை. அடித்தவன் பக்கம் நின்று கைதட்டச் சொல்கிறதா, அடிபட்டவன் பக்கம் நிற்கிறதா என்பதே கேள்வி.

தடை இதற்குத் தீர்வாகாது. ஆயுதங்களைப் புகழும் பாடல்களுக்கு 2022 நவம்பரில் தடை விதித்தது பஞ்சாப் அரசு. அதன் கவலை நியாயமானது. ஆனால், தடைக்கோலை எடுத்தால் அது முதலில் பாய்வது, பெரும்பாலும் அடிபட்டவர்களின் பாட்டின் மீதுதான். ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாடலையும் பல வானொலி நிலையங்கள் அன்று ஒலிபரப்ப மறுத்தன.

பொறுப்பு, பாட்டு எழுதுகிறவர்களிடமும் மெட்டுப் போடுகிறவர்களிடமும் இருக்கிறது. கொலையைப் பாடுங்கள், தவறில்லை. வெட்டுப்பட்டவனுக்கும் ஒரு வீடு உண்டு, வாசலில் காத்திருக்கும் தாய் உண்டு என்பதையும் சேர்த்துப் பாடுங்கள். கேட்கிற நாமும், எதற்குக் கைதட்டுகிறோம் என்பதை நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்போடு கைதட்டுவோம்!