கார்டு காலாவதி... ஆள் காலாவதி இல்லை!

சேலம், நாமக்கல் பக்கம் இப்போது வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறாரோ இல்லையோ, தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். அப்படி ஒருவர் போனதும், அதே தெருவில் மிச்சமிருக்கிற ஒருவனுக்கு ஒரு வேலை தானாக வந்து சேரும். ஃபாரம் நிரப்புகிற வேலை!

எங்கள் தெருவில் அந்த ஆள் நான்தான். காரணம், பி.காம். படித்திருக்கிறேன். கணக்குப் படித்தவனுக்குக் கட்டம் போட்ட காகிதம் எல்லாமே அத்துப்படி என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

பேங்க் செலான், ரேஷன் கார்டு, லாரி எஃப்.சி. என்று ஓடிக்கொண்டிருந்த என் சமூக சேவையில் ஒரு ஐப்பசி மாதம் அமெரிக்கா நுழைந்தது. ராசிபுரத்துப் பெரியம்மா மூலமாக.

பெரியம்மாவின் மூத்த பையன் அமெரிக்க சிட்டிசன். 21 வயது நிறைந்த சிட்டிசன், பெற்றவர்களுக்கு கிரீன் கார்டு கேட்டால் வருஷத்துக்கு இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பு கிடையாது. ஆகவே பத்து வருஷத்துக்கு முன்னால் பெரியம்மாவுக்குச் சுலபமாகக் கிடைத்துவிட்டது.

கம்பெனி மூலம் கேட்கிற நம் பையன்கள் கதை வேறு. எந்த ஒரு நாட்டுக்கும் மொத்தத்தில் ஏழு சதவிகிதத்துக்கு மேல் கிடையாது என்று ஒரு விதி. அதனால் ஈபி-2 என்கிற பிரிவில் இந்தியாவின் வரிசை 2025 கடைசியில்கூட 2013-லேயே நின்றுகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் படித்த மகன் பன்னிரண்டு வருஷமாக க்யூவில். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அம்மா கார்டோடு உள்ளே. உலகம் விசித்திரமானது சார்!

விஷயத்துக்கு வருகிறேன். கிரீன் கார்டுக்கு ஆயுள் பத்து வருஷம். முடிவதற்கு ஆறு மாதம் இருக்கும்போதே ஐ-90 என்ற ஃபாரம் போட்டுப் புதுப்பிக்கலாம். 2024 ஏப்ரலில் வந்த கட்டணப்படி ஆன்லைனில் 415 டாலர். காகிதத்தில் போட்டால் 465. (ஐம்பது டாலர் மிச்சம் என்றதும் பெரியம்மா ஆன்லைனுக்கு மாறிவிட்டார்.)

அமெரிக்காவை விட்டுக் கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது மகன் விண்ணப்பம் போட்டுவிட்டான். பெரியம்மா, மாரியம்மன் நோம்பிக்கு ராசிபுரம் வந்து இறங்கிவிட்டார். கார்த்திகையில் கார்டு காலாவதி. மார்கழி முதல் வாரம் டெக்ஸாஸில் இருக்கும் இளைய மகளுக்குப் பிரசவத் தேதி. தலைப் பிரசவம்!

காலாவதியான அன்றைக்குப் பெரியம்மா கார்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏங்கண்ணு, இன்னையோட நான் அமெரிக்காக்காரி இல்லையா? புள்ள அங்க தனியா கெடக்குதே..."

"பெரியம்மா, உங்க பேங்க் பாஸ்புக்ல பக்கம் தீர்ந்து போச்சுன்னா அக்கவுன்ட்ல இருக்கற பணம் போயிடுமா?"

"அது எப்படிப் போவும்?"

"அதேதான். இது பாஸ்புக். கணக்கு அங்க பத்திரமா இருக்குது."

உண்மையும் அதுதான். தேதி முடிவது அட்டைக்குத்தான். நிரந்தரமாகத் தங்குகிற உரிமைக்கு இல்லை. இன்னும் சொன்னால் 1980-களில் கொடுத்த கார்டுகள் பலவற்றில் காலாவதித் தேதி என்ற சமாசாரமே கிடையாது. பெயர்கூட ஒரு வேடிக்கை: 1964-ல் பச்சை நிறத்தைக் கைவிட்டு நீலமாக அடித்தார்கள். அப்புறம் என்னென்னவோ நிறம். மறுபடி பச்சைக்கு வந்தது 2010-ல்தான். நடுவில் நாற்பது வருஷத்துக்கு மேல் பச்சை இல்லாமலேயே அதைப் பச்சை என்று சொல்லிக்கொண்டிருந்தது உலகம்!

பெரியம்மா முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்த நேரம் பார்த்து நாமக்கல் மாமா உள்ளே வந்தார். மூன்று லாரி வைத்திருப்பவர். இந்தியாவிலுள்ள எல்லா செக்போஸ்ட்டையும் பார்த்தவர்.

"மாப்ளே, பாஸ்புக் கதை எல்லாம் பேங்க்குக்குள்ள சரி. செக்போஸ்ட்ல நிக்கறவனுக்குக் கணக்கு தெரியாது. பேப்பர்தான் தெரியும். பேப்பர் எங்கே?"

அங்கேதான் இருக்கிறது சிக்கல். ஐ-90 போட்டவர்களுக்கு ஒரு ரசீதுக் கடிதம் வரும். 2024 செப்டம்பர் 10-லிருந்து, பழைய கார்டோடு சேர்த்து அதைக் காட்டினால் கார்டின் ஆயுள் 36 மாதம் நீளும். அதற்கு முன்னால் 24 மாதம்தான். புதுக் கார்டு அடித்துக் கொடுக்க எவ்வளவு நாளாகிறது என்பதை அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி!

அந்தக் கடிதம் மகன் வீட்டுக்குத் தபாலில் வந்தது. மகன் கூரியரில் போட்டான். அது சென்னைக்கும் வந்தது. வந்து... உட்கார்ந்துகொண்டது.

கூரியர் கம்பெனியின் பெயர் வேண்டாம். தினமும் ஃபோன் செய்தேன். முதல் நாள், "கஸ்டம்ஸ்ல இருக்கு சார்." நாலாம் நாள், "அட்ரஸ் கிளியரா இல்லை சார்." எட்டாம் நாள், "டெலிவரிக்குக் கிளம்பிடுச்சு சார்." பத்தாம் நாள் மறுபடி, "அட்ரஸ் கிளியரா இல்லை சார்." கிளம்பின கடிதம் திரும்பிப் போய் மறுபடி முகவரியை யோசிக்கிறது போல!

பெரியம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. பிரசவ லேகியமும் நெய்யும் கட்டி வைத்த பெட்டியைத் திறப்பார், பார்ப்பார், மூடுவார். டெக்ஸாஸிலிருந்து மகள் ஃபோனில், "வந்துடுவேல்லம்மா?" என்று மட்டும் கேட்பாள். பெரியம்மா, "வந்துருவேன் சாமி" என்று சொல்லிவிட்டு, ஃபோனை வைத்ததும் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல எந்தப் பல்கலைக்கழகமும் பி.காம். நடத்தவில்லை.

இத்தனைக்கும், பத்து வருஷக் கார்டு காலாவதியாகியிருந்தாலும் ஏற்றிக்கொள்ளலாம் என்று விமானக் கம்பெனிகளுக்கான அமெரிக்க வழிகாட்டியிலேயே இருக்கிறது. வெளியே வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு கவுன்ட்டரில் நிற்கிற பையன் அதைப் படித்திருப்பான் என்று யார் ஜாமீன்? மாமா சொன்ன செக்போஸ்ட் அதுதான்.

கடைசியில் மாமாவே களத்தில் இறங்கினார். "லோடு எந்த கோடவுன்ல நிக்குது, அதை மட்டும் சொல்லு."

பெரியம்மா கையெழுத்தில் ஒரு கடிதம், ஆதார் ஜெராக்ஸ். சென்னையில் இருந்த மாமாவின் டிரைவர் அதை வைத்துக்கொண்டு கோடவுன் வாசலில் உட்கார்ந்தார். மாலைக்குள் கவர் கைக்கு வந்தது. அமெரிக்க அரசாங்கத்தின் கடிதம், லாரி கேபினில் சாமி படத்துக்குக் கீழே, எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாமக்கல் வந்து சேர்ந்தது.

சென்னை ஏர்போர்ட்டில் கவுன்ட்டர் பையன் கார்டைப் பார்த்தான், கடிதத்தைப் பார்த்தான், மேலதிகாரியைக் கூப்பிட்டான். அவர் படித்துவிட்டுத் தலையாட்டினார். இருபது நிமிஷம். பெரியம்மா நடுவானில் இருக்கும்போதே பேத்தி பிறந்துவிட்டாள். அந்த டெலிவரி மட்டும் யாருக்கும் காத்திருக்கவில்லை!

சிரித்துவிட்டேன். ஆனால் சிரிக்க முடியாதவர்களையும் நினைக்கிறேன். 2020 மார்ச்சில் வழக்கமான சர்வதேச விமானங்கள் நின்றன. முழுசாகத் திரும்பியது 2022 மார்ச் 27-ல். 2021 மே 4 முதல் இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு அமெரிக்கா தடை போட்டபோது, கிரீன் கார்டுக்காரர்களுக்கு விதிவிலக்கு இருந்தது. எச்1பி-காரர்கள் பெரும்பாலோர் மாட்டிக்கொண்டார்கள். 2025 டிசம்பர் 15 முதல் எச்1பி விண்ணப்பதாரர்களின் சமூக வலைத்தளப் பக்கங்களையும் பார்ப்போம் என்று அறிவித்தார்கள். விசா முத்திரைக்காக வந்திருந்த பலருடைய நேர்காணல் 2026 மார்ச்சுக்கும் அதற்கு அப்பாலும் போனது. ரெண்டு வார லீவில் வந்தவன் மாதக்கணக்கில் உட்கார்ந்தான். இதைப் பார்த்து பயந்து, அப்பா காரியத்துக்குக்கூட வராமல் வீடியோவில் கும்பிட்டவர்கள் நம் ஜில்லாவிலேயே இருக்கிறார்கள்.

ஆகவே ஆபீஸில் இதைப் படிக்கிற தம்பிகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கார்டு இருந்தால் இன்று சாயந்திரம் போய்த் தேதியைப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் முடிகிறது என்றால், அங்கே இருக்கும்போதே ஐ-90 போடச் சொல்லுங்கள். ரசீதுக் கடிதத்தின் ஒரிஜினல் கைக்கு வந்த பிறகு விமானம் ஏறச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்கினால் திரும்பும்போது கேள்வி வரலாம். ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் ரீ-என்ட்ரி பர்மிட் வேண்டும். அதற்கு அமெரிக்காவில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். கார்டு இங்கே தொலைந்துபோனால் ஐ-131ஏ என்று ஒரு ஃபாரம் இருக்கிறது. அமெரிக்கத் தூதரகத்தில் கொடுக்க வேண்டும்.

உரிமை என்பது பேங்க் கணக்கு மாதிரி, எங்கேயோ பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் வழியில் நிற்பது செக்போஸ்ட். இது தெரிந்ததால்தான் நாமக்கல்காரன், சாவியை மாட்டுவதற்கு முன்னால் பேப்பரைத் தொட்டுப் பார்க்கிறான்.

ஒரு சின்னத் தகவல். பேத்திக்குப் பெயர் வைத்த அன்றைக்கு என் செல்ஃபோனில் கூரியர் கம்பெனியிலிருந்து ஒரு செய்தி: 'உங்கள் தபால் இன்று டெலிவரிக்குக் கிளம்பிவிட்டது.'