காது கேட்டால் கை நிற்கணும்

அண்ணன் பேரன் போன மாதம் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கிறான். ஆன்லைனில், தவணைக்கு. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நேராக என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தான்.

"சின்ன தாத்தா, மிலிட்டரியில நீங்க இதத்தானே புடிச்சீங்க? ஆழத்துல கெடக்குற காசு எப்படி சத்தம் போடும்னு மட்டும் சொல்லிக் குடுங்க."

சொல்லிக்கொடுத்தேன். பாதிதான் சொல்லிக்கொடுத்தேன் என்று அவன் போன பிறகு தோன்றியது. மீதியை இங்கே எழுதுகிறேன். எப்படியும் படிப்பான்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் மெட்ராஸ் சாப்பர்ஸில் 24 வருடம் இருந்தவன். ராணுவத்தில் எங்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். 2001 டிசம்பரில் பாராளுமன்றத் தாக்குதல் நடந்த பிறகு மேற்கு எல்லை நெடுகக் கண்ணிவெடி புதைத்தோம். பிறகு அதையெல்லாம் தேடி எடுக்கிற வேலை. பிளாஸ்டிக் வெடியில் உலோகம் என்று இருப்பது ஊசி மாதிரி ஒரு துண்டு. அது போடுகிற சத்தமும் ஆழத்தில் கிடக்கிற காசு போடுகிற சத்தமும் ஏறக்குறைய ஒரே ஜாதி. காசு தேடுகிற இந்தப் பொழுதுபோக்கே போரிலிருந்து வந்ததுதான். 1942-ல் எல் அலமெய்ன் பாலைவனத்தில் வெடி தேடப் பயன்பட்ட கருவியின் பேரப்பிள்ளைதான் இவன் வாங்கி வந்தது.

கொல்லையில் பாட்டி காலத்து வெள்ளி ரூபாய் ஒன்றைப் புதைத்து வைத்து அவனைக் கேட்கச் சொன்னேன். நாலு விரல் ஆழத்தில் 'ணங்' என்று வெட்டினாற்போல் கேட்டது. ஒரு சாண் ஆழத்தில் வைத்தபோது இரண்டு தடவை தாண்டிப் போய்விட்டான், காதில் விழவே இல்லை. ஹெட்ஃபோனை மாட்டி, காயிலை மண்ணோடு ஒட்டி, மெதுவாக நகர்த்தச் சொன்னேன். அப்போதுதான் கேட்டது. சாத்தின கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ முனகுகிற மாதிரி. தொடக்கமும் முடிவும் மழுங்கியிருக்கும், ஆனால் உடையாது. இடமிருந்து வலம் போனாலும் திரும்பி வந்தாலும், நாம் சுற்றிப்போய்க் குறுக்கே நின்று பார்த்தாலும், அதே இடத்தில் அதே முனகல். காயிலை இரண்டு விரல் தூக்கினால் காணாமல் போய்விடும். ஆணி அப்படியில்லை. ஒரு பக்கம் போகும்போது கத்தும், திரும்பும்போது 'கர்… கர்' என்று இழுத்து அறுந்துபோகும்.

திரையில் வருகிற நம்பரை நம்பாதே என்றேன். ஆழத்தில் அது ஆணியைக் காசு என்கும், காசை ஆணி என்கும். இயந்திரம் அனுப்புகிற அலை கீழே போகும்போதும் தேயும், காசைத் தொட்டுத் திரும்பும்போதும் தேயும். ஆழம் இரட்டித்தால் சத்தம் பாதியாவதில்லை, அறுபதில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். அதோடு எங்கள் பாப்பாரப்பட்டிப் பக்கத்துச் செம்மண்ணில் இரும்புச் சத்து அதிகம், மண்ணே கொஞ்சம் இரையும். அந்த இரைச்சலுக்குள் முனகலைப் பிரித்தெடுக்கக் காதுதான் வேண்டும். ஒரு முழ ஆழத்தில் வைத்தோம். அவனுக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை. 2020-ல் திருவானைக்காவல் கோயிலில் ஒரு பித்தளைப் பாத்திரத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தனவே, அது ஏழடி ஆழத்தில். இந்த மாதிரிக் கருவியைக் கொண்டுபோய் அங்கே தனிக்காசு தேடினால் ஒன்றும் கேட்காது.

இதுவரைக்கும் அவனுக்கு நேரில் சொன்னது. இனிமேல் சொல்லாதது.

2012-ல் நண்பர் ஒருவரின் மருமகள் நிலத்தில் கம்மலைத் தொலைத்துவிட்டாள். பெங்களூரிலிருந்து இரவலாக ஒரு டிடெக்டர் வாங்கிக்கொண்டு போனேன். நிலத்தை ஒட்டி ஒரு மேடு. எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டேன். அந்த ஓரத்தில் அந்த முனகல் கேட்டது. மேலாகக் கிடக்கிற கம்மல் அப்படிச் சத்தம் போடாது, எனக்குத் தெரியும். தெரிந்தும் கடப்பாரையை எடுத்துக் குத்தினேன். வெடிக்களத்தில் சத்தம் கேட்டால் என்ன செய்வோம்? நிற்போம். முட்டி போடுவோம். அடையாளம் வைத்துவிட்டுச் சாய்வாகக் கம்பியைச் செருகி ஒவ்வொரு விரற்கடையாகத் தொட்டுப் பார்ப்போம். உயிர் பயம் இல்லை என்றதும் 24 வருடப் பழக்கம் ஐந்து நிமிடத்தில் போய்விட்டது.

கிடைத்தது சதுரமாக ஒரு செப்புக்காசு. பச்சைப் பாசி பிடித்தது. கூடவே உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமாகப் பானை ஓடுகள், சாம்பல் நிற மண். ஓட்டையெல்லாம் காலால் ஒதுக்கித் தள்ளினேன். வீட்டுக்கு வந்து காசைப் புளி போட்டுத் தேய்த்தேன், குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி. பளபளவென்று வந்தது. கழுவும் முன்பு ஒரு பக்கத்தில் கோடு கோடாக ஏதோ இருந்தது. கழுவிய பிறகு இல்லை.

காசு பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோனேன். எவ்வளவு ஆழம், என்ன நிற மண், கூட என்ன கிடந்தது என்று கேட்டார். தோராயமாக ஏதோ சொன்னேன். காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

கரூரில் அமராவதி ஆற்று மணலில் சேரர் காசுகள் கிடைத்திருக்கின்றன. 'மாக்கோதை' என்று பெயர் பொறித்த காசைப் பற்றி இரா. கிருஷ்ணமூர்த்தி எழுதியிருக்கிறார். ஆற்று மணலில் மண்ணடுக்கு ஏது? எழுத்து இருந்ததால் அந்தக் காசு பேசியது. அரிக்கமேட்டில் நேர்மாறு. 1945-ல் வீலர் தோண்டியபோது காசுக்கு உதவாத ரோமானியப் பானை ஓடுகள்தான், அவை கிடந்த அடுக்கை வைத்து, தென்னிந்தியாவில் பல இடங்களின் காலத்தைச் சொல்ல வழி செய்தன. என் காசுக்கு எழுத்தும் போயிற்று, அடுக்கும் போயிற்று.

சட்டம் வேறு இருக்கிறது. 1878-ம் வருடத்துப் புதையல் சட்டம், இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்கவேண்டும். மறைத்தால் ஒரு வருடம் வரை ஜெயில். 1972-ம் வருடச் சட்டப்படி நூறு வயதான எந்தக் காசும் தொல்பொருள். எனக்கு இதெல்லாம் பிற்பாடுதான் தெரியும். வெட்கத்தோடு எழுதிக்கொடுத்து அந்தக் காசை ஒப்படைத்தேன்.

டிடெக்டரே கூடாது என்கிறார்கள் சிலர். எனக்கு அதில் சம்மதமில்லை. புதையல் வெறியில் கற்திட்டைகளைப் பெயர்த்துப் போட்டவர்கள் எந்தக் கருவியும் இல்லாமல் கடப்பாரையோடுதான் வந்தார்கள். அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் 1984-ல் டிடெக்டர் பிடிக்கத் தெரிந்த பொதுமக்களையே ஆய்வாளர்கள் வரிசையாக நடக்கவிட்டார்கள். சத்தம் கேட்ட இடத்தில் கொடி நட்டார்கள். தோட்டா கிடந்த இடங்களை வைத்து யார் எங்கே நின்று சுட்டார்கள் என்று வரைபடமே போட்டார்கள். நம் மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் என்னைப்போல ஓய்வுபெற்ற சாப்பர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம். அகழாய்வுக் குழியிலிருந்து அள்ளிக் கொட்டுகிற மண்ணை எங்களிடம் ஒருமுறை விட்டால் போதும். சல்லடையிலும் கண்ணிலும் தப்பிய பொடிக்காசு காதில் தப்பாது. எந்தக் குழி, எந்த அடுக்கு மண் என்று சீட்டு எழுதிக் குவித்திருந்தால் கணக்கும் கெடாது.

பேரனை அந்த மேட்டுக்கு நானே கூட்டிப்போனேன், கடப்பாரை இல்லாமல். கேட்டது. முகமெல்லாம் மலர்ந்து என்னைப் பார்த்தான்.

"எடுக்கலாமா தாத்தா?"

"வேணாம்டா."

"எடுக்காம அது காசுதானான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

வீடு வரும்வரை பேசவில்லை. மறுநாள் அவனே ஒரு நோட்டில் இடத்தைக் குறித்துக்கொண்டு வந்தான். தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். துறையில் யாராவது இதைப் படித்தால், ஆள் வேண்டும் என்றால் சொல்லுங்கள். முட்டிதான் மடங்க மாட்டேன் என்கிறது, காது இன்னும் நன்றாகவே இருக்கிறது.